வலப்பக்கப் பை

தையலம்மா செய்தித்தாள் படிப்பதை விட்டு இரண்டு வருஷமாகிவிட்டது. வெட்டுவதை மட்டும் விடவில்லை. கழுத்துப்பட்டை, கை, முதுகு என்று எதற்கு அளவு எடுத்தாலும் முதலில் பழைய தாளில் வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணியில் கத்தரி வைப்பாள். தாளுக்கு அந்த வீட்டில் பஞ்சம் கிடையாது. வீட்டுக்காரர் அந்த வட்டாரத்துச் செய்தித்தாளில் முப்பது வருஷமாக நிருபர். தினமும் ஒரு பிரதியைக் கொண்டுவந்து, மடிப்புக் கலையாமல், மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் அடுக்கின் மேல் வைப்பார். அவள் படிக்கமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் வைப்பார்.

ஊரில் அவருக்கு மூணுவரி என்று பெயர். குடோனே எரிந்து சாம்பலானாலும் சரி, கோழி திருடு போனாலும் சரி, அவர் கைக்கு வந்தால் அது மூன்று வரிதான். ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் படித்துவிடலாம். கூட்டம் நடத்துகிறவர்கள் அவர் தலையைக் கண்டதும், “மூணுவரி சார் வந்தாச்சு, இனிமே மைக்கைப் போடுங்கப்பா” என்பார்கள். அவரும் ஓரமாக நின்று, இடக்கையால் சின்ன நோட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டு, பலகாரத் தட்டு வருவதற்குள் போய்விடுவார். தன் பெயரைச் செய்தியில் போட்டுக்கொண்டதே இல்லை. ‘நான்’ என்று ஒரு சொல் அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை.

அந்தப் புதன்கிழமை காலையிலிருந்தே மழை. முன்னறையில் விளக்கைப் போட்டுவிட்டு, நர்ஸம்மாவின் யூனிபாரத்துக்குத் தையலம்மா சட்டைக் கை வெட்டிக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு வாய் ஓயாது. ஆஸ்பத்திரியில் எட்டு மணிநேரம் குழந்தைகள் அழுவதைக் கேட்டுவிட்டு வருகிறவள், வெளியே வந்தால் அந்த எட்டு மணிநேரத்துக்கும் சேர்த்துப் பேசுவாள்.

“அக்கா, இந்தத் தடவை இடுப்புல ஒரு இஞ்ச் விட்டே தைங்க. போன தடவை தச்சது மூச்சு விட்டா தெறிக்குது.”

“போன தடவையும் இதேதான் சொன்ன. ஒரு இஞ்ச் விட்டுத்தான் தச்சேன்.”

“அப்படின்னா தப்பு யாரு மேல?”

“கேன்டீன் மேல.”

நர்ஸம்மா சிரித்தாள். தையலம்மாவும் உதட்டை லேசாக அசைத்தாள். அவள் இப்போதெல்லாம் சிரிப்பது அவ்வளவுதான். அடுக்கின் மேலிருந்த அன்றைய தாளை மேசையில் விரித்து, சாக்பீஸால் வளைவு போட்டு, கத்தரியை ஓட்டினாள். கத்தரி பாதி வளைவு வந்து நின்றது.

கத்தரியின் வாய்க்குள் ஒரு படம் இருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். துண்டு துண்டாகத் துணியை இணைத்த ஒரு பெரிய போர்வையைச் சுவரில் தொங்கவிட்டு எடுத்திருந்தார்கள். மூன்று வரிசை, வரிசைக்கு நாலு சதுரம். கடைசி வரிசையின் ஓரத்துச் சதுரத்தில் ஒரு சட்டைப் பை இருந்தது. பைக்குப் பக்கத்தில் மூன்று பொத்தான்.

மற்றவர்களுக்கு அது பழைய சட்டைத் துண்டு. தைக்கத் தெரிந்தவர்களுக்கு அப்படி இல்லை. ஆம்பிளைச் சட்டையில் பொத்தான் வலப்பக்கத்தில் இருக்கும், அது நுழைகிற காஜாத் துளை இடப்பக்கத்தில். பை எப்போதும் காஜா பக்கம்தான் வரும். பொத்தானும் பையும் ஒரே பக்கத்தில் இருந்தால் அந்தச் சட்டைக்குப் பை வலப்பக்கம் என்று அர்த்தம். அந்த ஊரில் வலப்பக்கம் பை வைத்துத் தைக்கிறவள் அவள் ஒருத்திதான். இரண்டே பேருக்குத்தான் அப்படித் தைத்திருக்கிறாள். ஒருவர் அவள் புருஷன், இன்னொருவன் அவள் மகன். இரண்டு பேருக்கும் இடக்கைப் பழக்கம்.

படத்தில் நடுப்பொத்தான் மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. முதல் வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று சாம்பல் நிறத்தில் மெல்லிய நீலக் கோடு போட்ட துணி எடுத்து மகனுக்குத் தைத்த சட்டை அது. போகிற அன்று காலையில் பொத்தானைப் பிய்த்துக்கொண்டு வந்து நின்றான். அவசரத்துக்குக் கையில் கிடைத்த பொத்தானை அவன் மேலேயே வைத்துத் தைத்தாள். “அசையாதடா, நெஞ்சுல குத்திடும்” என்று அவள் சொல்லச் சொல்ல அவன் சிரித்துக்கொண்டே அசைந்தான்.

“அக்கா? என்னாச்சு?”

“இது என்னன்னு படி.”

நர்ஸம்மா டம்ளரை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். “அட, இது எங்க வார்டுக்கு வரப்போற போர்வைக்கா! நூலகத்துக்குப் பின்னாடி ஹால் இருக்குல்ல, அங்க செவ்வாய்க்கிழமை வகுப்பு நடக்குது. ‘பழைய துணியில் புதுப் போர்வை’ன்னு. வெள்ளிக்கிழமை கொண்டுவந்து குடுக்கறாங்க. இதோ, ‘பன்னிரண்டு சதுரங்களைத் தைத்தவர்கள்’னு பேரெல்லாம் போட்டிருக்கு...” விரல் வைத்து எண்ணினாள். “பதினொரு பேருதான் இருக்கு. உங்க வீட்டுக்காரர் கணக்குல கொஞ்சம் வீக்கு போல.”

தையலம்மாவின் காதில் அது விழவில்லை. கத்தரியை மேசையில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

கட்டிலுக்கு அடியில் தகரப்பெட்டி. மகனின் துணியெல்லாம் அதில்தான். வைத்து மூடிய நாளிலிருந்து அவள் திறந்ததில்லை. பூட்டும் போட்டதில்லை. யார் திறக்கப் போகிறார்கள்? இழுத்துத் திறந்தாள். அன்று ஏழு சட்டை மடித்து வைத்திருந்தாள். ஆறுதான் இருந்தது. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டு இன்னொரு தடவை எண்ணினாள். ஆறுதான்.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். யார் எடுத்தது என்று யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டு வருஷமாக மகன் பெயரை வாயில் எடுக்காத மனுஷன், அவன் சட்டையைத் தூக்கி ஊராருக்குக் கொடுத்திருக்கிறார். அவர்கள் அதைக் கத்தரித்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதைப் படம் பிடித்துச் செய்தியும் போட்டாயிற்று.

நர்ஸம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். “நாளைக்கு வர்றேன்க்கா” என்றவள், தையலம்மா கையில் தையல் பிரிக்கிற ஊசிக்கத்தியைப் பார்த்ததும் குரலை இறக்கி, “எங்கக்கா போறீங்க இந்த மழையில?” என்று கேட்டாள்.

“என் சாமான் ஒண்ணு அங்க இருக்கு. எடுத்துக்கிட்டு வரப் போறேன்.”

ஹாலுக்கு இருபது நிமிஷ நடை. குடையை எடுக்க மறந்துவிட்டாள். சைக்கிள் கடை, பேங்க், பள்ளிக்கூடத்து மதில் என்று கால் தானாக நடந்தது. மனசு வேறொரு சாயங்காலத்தில் நின்றது.

அந்தச் சாயங்காலம் அவள் ஒரு வெள்ளைச் சட்டைக்குக் காஜா போட்டுக்கொண்டிருந்தாள். ஏழு மணிக்கு அவர் வந்தார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார். சொன்னார். அதற்குப் பிறகு நடந்தது அவளுக்குத் தொடர்ச்சியாக ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பது மறுநாள் காலைதான். வீடு முழுக்க ஆட்கள். அழுக்கில் கிடந்த அவன் துணிகளை யாரோ ஒரு உறவுக்காரி நல்ல மனசோடு துவைத்துக் கொடியில் போட்டுவிட்டாள். அந்தச் சாம்பல் சட்டையும் அதில் சேர்த்தி. அவன் வாசனை இருந்த கடைசித் துணிகள் சோப்புத் தண்ணீரோடு போய்விட்டன. அப்போதுதான் மடக்கு நாற்காலியில் கிடந்த செய்தித்தாள் அவள் கண்ணில் பட்டது. சாலை வளைவில் லாரி மோதி இளைஞர் பலி, போலீஸ் விசாரணை. மூன்று வரி. எழுதியிருக்கிற விதத்தைப் பார்த்தாலே அவருடையது என்று அவளுக்குத் தெரியும்.

நிருபர் பெண்டாட்டிக்கு இன்னொன்றும் தெரியும். உள்ளூர்ப் பக்கத்தை ஆறரை மணிக்கு மூடிவிடுவார்கள், அதற்கு மேல் செய்தி வாங்கமாட்டார்கள். அப்படியென்றால் அவர் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். மகன் போன செய்தி அச்சுக் கோர்ப்பவன் கைக்குப் போய்விட்டது, பெற்றவள் காதுக்கு வரவில்லை. காரியமெல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து ஒரே ஒரு தடவை கேட்டாள். “எழுதிட்டா வந்தீங்க?” அவர் “ஆமா” என்றார். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டில் பேச்சு இருந்தது. சாப்பாடு வைத்தாச்சு, கேஸ் தீர்ந்துபோச்சு, கரண்ட்டு வந்துடுச்சு என்று அன்றன்றைக்குத் தேவையான பேச்சு.

ஹால் கதவு திறந்திருந்தது. நீள மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு பக்கத்து அலமாரியில் திங்கட்கிழமைக் களிமண் வகுப்புக்காரர்கள் காயவைத்த கோணல் கிண்ணங்கள். ஈரக் குடைகளுக்கு வாசலில் ஒரு பக்கெட். வகுப்பெடுக்கும் டீச்சர் மட்டும் இருந்தாள். பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள், நாற்பது வயதிருக்கும், கழுத்தில் அளவு நாடாவை மாலை மாதிரி போட்டிருந்தாள். மேசையில் போர்வை விரிந்து கிடந்தது.

“வாங்கம்மா, நனைஞ்சுட்டீங்களே! வகுப்பு நேத்தே முடிஞ்சுது. இன்னைக்கு இதுக்கு உள்துணி வச்சுத் தைக்கணும், அதுக்காக எல்லாரையும் நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். அடுத்த வகுப்புக்குப் பேர் குடுக்கவா வந்தீங்க?”

“பார்க்க வந்தேன்.”

“தாராளமாப் பாருங்க. உள்துணி வச்சுட்டா அப்புறம் தையல் எதையும் பார்க்க முடியாது, எல்லாம் உள்ள போயிடும். எங்க ஆளுங்க தையல் அப்படி, மறையறதும் நல்லதுதான்.” டீச்சர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். “இது ஒருத்தங்க கல்யாணப் புடவை. இது பேக்கரிக்காரர் கொண்டு வந்த மாவு மூட்டைத் துணி, முத்திரை கூட இருக்கு பாருங்க. அவருக்கு அடுப்புல கை வெந்துபோச்சு, விரலுக்குப் பயிற்சி வேணும்னு டாக்டர் சொன்னாராம். மாவு பிசையறேனேன்னா அது பத்தாதாம். இங்க வந்து எங்களைப் பிசையறார்.”

தையலம்மா கடைசி வரிசைக்கு வந்தாள். சாம்பல் நிறம், நீலக் கோடு. கையை வைத்தாள். பையின் ஓரத்தில் அவள் போட்ட மெஷின் தையல் நூல் பிசகாமல் அப்படியே இருந்தது. பெரிய பொத்தானும் இருந்தது.

“அது யாரு குடுத்தாங்க?” என்றாள்.

“அதுவா? ஒரு சார் கொண்டு வந்தார், அதைப் பத்தி எதுவும் சொன்னதில்லை. இங்க ஒரு வழக்கம் வச்சிருக்கோம். ஒவ்வொருத்தரும் கொண்டுவந்த துணி யாருதுன்னு சொல்லிட்டுத்தான் வெட்டணும். அவர் முறை வந்தா, ‘அடுத்த வாரம் சொல்றேன்’னுடுவார். மூணு வாரம் சட்டையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார், கத்தரியே தொடல. நாலாவது வாரம் நான் போய், ‘நான் வேணா வெட்டித் தரட்டுமா சார்’னு கேட்டேன். ‘வேணாம், நானே’ன்னார். இவ்வளவு துண்டு வெட்ட ஒரு மணிநேரம் ஆச்சு. ஒரு நூல் கூட வீணாக்கல. மிச்சத் துணியை அப்படியே மடிச்சு தோள்பையில வச்சுக்கிட்டார்.”

தையலம்மா போர்வையின் ஓரத்தைப் புரட்டினாள். பக்கத்துச் சதுரத்தோடு அதை இணைத்த கைத்தையல் தெரிந்தது. கோணலும் மாணலுமாக ஒரு தையல், ஒன்று நெருக்கம், ஒன்று தூரம். நடுவில் துரு நிறத்தில் ஒரு புள்ளி. ஊசி குத்திய ரத்தம். புதிசாகத் தைக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் தைப்பார்கள். ஆனால் மற்ற பதினொரு சதுரத்திலும் தையல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, இது மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. இடக்கையால் தைத்தால்தான் அப்படிச் சாயும்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரோ ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று நினைத்து வந்தாள். முப்பது வருஷத்தில் ஒரு பொத்தான் கூடத் தைத்ததில்லை அந்த மனுஷன். ஊசியில் நூல் கோக்கவே அவளைத்தான் கூப்பிடுவார்.

ஆனாலும் கோபம் போகவில்லை. இன்னும் கூடியது. யாரோ வெட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை போலிருந்தது. அவள் ஊசிக்கத்தியை எடுத்து, அந்தக் கோணல் தையலின் முதல் முடிச்சில் வைத்து வெட்டினாள். இரண்டாவதை வெட்டினாள்.

“அம்மா! என்ன பண்றீங்க?” டீச்சர் ஓடி வந்தாள்.

“இது என் பையன் சட்டை.”

டீச்சரின் கை அந்தரத்திலேயே நின்றது. அளவு நாடாவைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். “எனக்குத் தெரியாதும்மா” என்றாள். “சத்தியமாத் தெரியாது. உங்களுக்கு வேணும்னா எடுத்துக்குங்க. நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கறேன்.”

அப்போது வாசலில் பக்கெட்டுக்குள் குடை விழும் சத்தம் கேட்டது. பேக்கரிக்காரர் பன் தட்டோடு முதலில் வந்தார். “அடடே தையலம்மா! சாரைத் தேடி வந்தீங்களா? பின்னாடியே வர்றார். நீங்க சொல்லிக் குடுக்காமலா அவர் இவ்ளோ மோசமாத் தைக்கிறார்?” என்று சொல்லிக்கொண்டே வந்தவர், டீச்சர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். டீச்சர் அவரைக் கையைப் பிடித்து, “வாங்க, டீ போடலாம்” என்று பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். “நான் இப்பதானே டீ குடிச்சேன்” என்ற அவர் குரல் கேட்டது. பிறகு கதவு சாத்தும் சத்தம்.

நிருபர் வாசலிலேயே நின்றுவிட்டார். வலப்பக்கப் பையில் பேனா. தோளில் தோள்பை. ஒரு கையில் நோட்டு. மனைவியைப் பார்த்தார், அவள் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார். வந்து மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

“பெட்டியைத் திறந்தீங்களா?” என்றாள்.

“ம்.”

“எப்போ?”

“எப்பவும் திறப்பேன். நீ நூல் வாங்கப் போறப்ப.”

“எப்பவும்னா?”

“மாசத்துக்கு ஒரு தடவை. ரெண்டு தடவை.”

அது அவளுக்குத் தெரியாது. அவர் அந்தக் கட்டில் பக்கம்கூடத் திரும்புவதில்லை என்று நினைத்திருந்தாள். ஒரு கணம் என்ன கேட்க வந்தோம் என்பதே மறந்துபோயிற்று.

“யாரைக் கேட்டு வெட்டினீங்க?” என்றாள். “நான் தச்ச சட்டை. என் பையன் போட்ட சட்டை. அன்னைக்கும் இப்படித்தான். ஆபீசுக்கு முதல்ல சொன்னீங்க, எனக்கு அப்புறம் வந்து சொன்னீங்க. இப்ப இதையும் ஊருக்கு முதல்ல காட்டிட்டீங்க. நான் பேப்பர்ல பார்த்துத் தெரிஞ்சுக்கணும். என் பிள்ளை விஷயம் எல்லாம் நான் பேப்பர்ல பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?”

குரல் உடைந்தது. ஹாலின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் நோட்டை மேசையில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

“அன்னைக்கு அஞ்சே முக்காலுக்கு ஸ்டேஷன்லேர்ந்து போன் வந்துது,” என்றார். “எப்பவும் வர்ற போன்தான். எழுதிக்கிட்டேன். எந்த ரோடு, எத்தனை மணி, எந்த வண்டி மோதுச்சு. அப்புறம் பைக் நம்பர் சொன்னார். அதையும் எழுதிக்கிட்டேன். எழுதி முடிச்சப்புறம்தான் அதைப் பார்த்தேன்.”

அவள் ஊசிக்கத்தியை மேசையில் வைத்தாள்.

“நம்ம வண்டி நம்பர். அவர் பாட்டுக்கு, ‘வயசு இருபத்தி மூணு இருக்கும் சார், பேர் தெரியல, விசாரிச்சிட்டுச் சொல்றேன்’ங்கறார். நான் ‘சரி’ன்னேன். ‘சரி’ன்னு சொல்லி போனை வச்சுட்டேன்.”

“உடனே எழுந்து வரவேண்டியதுதானே?”

“வரணும்தான். எழுந்தா வெளிய வரணும். வெளிய வந்தா வீட்டுக்கு வரணும். வந்தா உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும். எழுதிக்கிட்டு இருக்கற வரைக்கும் அது யாரோ ஒரு பையன். அதான் எழுதிக்கிட்டே இருந்தேன். ஒரு வரி எழுதுவேன், அடிப்பேன். மறுபடி எழுதுவேன். ‘இளைஞர்’னு எழுதினேன். அடிச்சுட்டு வேற போடப் பார்த்தேன், கை வரல. மூணு வரி. நாப்பது நிமிஷம் ஆச்சு எனக்கு. அப்புறம் பக்கம் மூடணும்னு வந்து கையிலேர்ந்து பிடுங்கிக்கிட்டுப் போனாங்க. பிடுங்கலேன்னா எத்தனை நேரம் உக்காந்திருப்பேன்னு தெரியல.”

முப்பது வருஷத்தில் அவர் இவ்வளவு சேர்ந்தாற்போலப் பேசி அவள் கேட்டதில்லை.

“அந்த நேரத்துல நான் நாலு காஜா போட்டேன்,” என்றாள். “அப்புறம் எண்ணிப் பார்த்தேன். நாலு. அவன் இல்லாதப்ப போட்ட காஜா.”

“உனக்கு அப்ப அவன் இருந்தான்.” சொல்லிவிட்டு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். “உனக்காகத்தான் லேட்டாச் சொன்னேன்னு சொல்ல வரல. அப்படியெல்லாம் அப்ப யோசிக்கல. பயந்துட்டேன். அவ்ளோதான்.”

பின்கட்டில் டம்ளர் உருளும் சத்தம் கேட்டு நின்றது. அவள் போர்வையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“இங்க எதுக்கு வந்தீங்க?”

“செய்தி எடுக்கத்தான் வந்தேன். வகுப்பு ஆரம்பம்னு மூணு வரி. அந்த டீச்சர், துணி கொண்டு வாங்க, யாருதுன்னு சொல்லிட்டுத் தைங்கன்னாங்க. வீட்டுல சொல்ல முடியல, இங்கயாவது சொல்லிடலாம்னு தோணுச்சு. ஆறு வாரம் வந்தேன். ஒரு வாரமும் சொல்லல. தச்சேன்.” நோட்டை ஓரமாகத் தள்ளினார். “உன் மெஷின் சத்தம் விடாம கேட்டுக்கிட்டே இருக்கும். நீ அழறதுக்குப் பதிலா தைக்கிறன்னு எனக்குத் தெரியும். எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல. நான் எழுதறதையும் நீ படிக்கறதில்ல.”

அவள் அழுதாள். சத்தமில்லாமல் அழுது பழகியவள், அன்று சத்தம் வந்தபோது தடுக்கவில்லை. அவர் எழுந்து வரவில்லை. எழுந்து வந்து தோளைத் தொடும் பழக்கமெல்லாம் அந்த வீட்டில் எப்போதோ நின்றுவிட்டது. தன் தோள்பைக்குள்ளிருந்து மடித்த மிச்சத் துணியை எடுத்து மேசையில் அவள் பக்கமாகத் தள்ளினார். அவருக்கும் கண் நிறைந்திருந்தது.

“பிரிச்சு எடுத்துக்கோ,” என்றார். “பதினொண்ணாவே குடுக்கட்டும். நான் டீச்சர்கிட்ட சொல்றேன்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சதுரத்தின் ஓரத்தை விரலால் இழுத்துப் பார்த்தாள். அவள் வெட்டிய இரண்டு முடிச்சு போக, மிச்சமும் இளகிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரித் துணியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுப்பார்கள் என்று நர்ஸம்மா எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது.

“இது ரெண்டு சலவை தாங்காது,” என்றாள்.

“தெரியும்.”

“முடிச்சு போடத் தெரியலன்னா கேக்கக் கூடாதா யாரையாவது?”

அவள் டீச்சரின் டப்பாவில் சாம்பல் நூலைத் தேடி எடுத்து, பல்லால் கடித்து, ஒரே தடவையில் ஊசியில் கோத்தாள். அவர் தையலைப் பிரிக்கவில்லை. அதன் மேலேயே தைக்க ஆரம்பித்தாள். அவருடையது ஒரு பக்கம் சாய, இவளுடையது மறுபக்கம் சாய, ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகளாக வந்தது. இணைத்திருந்த பக்கமெல்லாம் தைத்து முடிக்க முக்கால் மணிநேரம் ஆனது. அதற்குள் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து, விஷயம் கேட்டு, பின்கட்டிலேயே சத்தம் போடாமல் நின்றார்கள். முடித்ததும் அந்தப் பைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். காலியாகத்தான் இருந்தது. டீச்சரைக் கூப்பிட்டு, “உள்துணி வச்சுக்குங்க” என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது மழை தூறலாகிவிட்டது. அவர் குடையை அவள் பக்கமாகப் பிடித்தார். அவள் கொஞ்சம் தள்ளியே நடந்தாள். அவருக்கு ஒரு தோள் நனைந்தது, அவளுக்கு ஒரு தோள் நனைந்தது. மிச்சத் துணி அவள் இடுப்பில் செருகியிருந்தது.

வெள்ளிக்கிழமை போர்வை போய்ச் சேர்ந்தது. காலில் கட்டுப் போட்டிருந்த ஒரு சின்னப் பெண், பை இருக்கிற மூலைதான் தன் பக்கம் வரவேண்டும் என்று அடம் பிடித்ததாகவும், அதற்குள் மாத்திரையை ஒளித்து வைத்து இரண்டு வேளை எல்லாரையும் ஏமாற்றியதாகவும் நர்ஸம்மா சனிக்கிழமை காலையில் வந்து சொன்னாள். யூனிபாரத்தைப் போட்டுப் பார்த்து, மூச்சு விட்டுப் பார்த்து, திருப்தியோடு போனாள்.

அவள் போனதும் நிருபர் உள்ளிருந்து வந்தார். அன்றைய தாளை எப்போதும் போல அடுக்கின் மேல் வைக்கவில்லை. பக்கத்தைத் திருப்பி மடித்து, மெஷினின் மேலேயே, ஊசிக்கு நேராக வைத்துவிட்டு நின்றார். அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். பக்கத்தின் அடியில், பஸ் நேர மாற்றத்துக்குக் கீழே, ‘திருத்தம்’ என்று இருந்தது.

தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, “மறுபடியும் மூணு வரிதானா?” என்றாள்.

“எண்ணிப் பாரு,” என்றார்.

அவள் விரல் வைத்துப் படித்தாள். புதன்கிழமை வெளியான போர்வைச் செய்தியில் ஒருவர் பெயர் விடுபட்டது. பன்னிரண்டாவது சதுரத்தைத் தைத்தது இதை எழுதும் நான். அது என் மகனின் சட்டை.

விரலை இன்னும் ஒரு வரி கீழே இறக்கினாள். நாலாவது வரியில் மூன்றே சொல் இருந்தது. அவன் அம்மா தைத்தது.

அன்று மத்தியானம் வரைக்கும் அந்த வீட்டில் மெஷின் ஓடவில்லை.